ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீட்குமா கஞ்சா எண்ணெய்? ஆய்வுகள், சட்டம், கணக்கு சொல்வது என்ன?

வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வயது 29, சொந்த ஊர் சேலம். பைக்கில் போய் விழுந்து முதுகில் அடி. டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த டிரமடால் மாத்திரை எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. ஒருநாள் போடாவிட்டால் மூக்கு ஒழுகுகிறது, கை கால் குடைகிறது, கண்ணை மூடினால் தூக்கம் வருவதில்லை. ஆபீசில் தெரிந்தால் என்ன ஆகும்? ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால்?

ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோனை எடுத்துத் தேடுகிறார். 'கஞ்சாவில் இருக்கும் சிபிடி, ஓபியாய்டு ஏக்கத்தைக் குறைக்கிறது: ஆய்வு' என்று ஒரு செய்தி. கொஞ்சம் கீழே போனால், வீடியோ காலில் ஆலோசனை, வீட்டுக்கே டெலிவரி என்று கஞ்சா இலைச் சாறு எண்ணெய் விற்கும் விளம்பரம். இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

ஆள் கற்பனைதான், கேள்வி நிஜம். அந்த ஆய்வு உண்மையிலேயே நடந்தது. அந்த எண்ணெயும் உரிமத்தோடுதான் விற்பனையாகிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால்

• கஞ்சாவில் உள்ள சிபிடி என்ற வேதிப்பொருள் ஹெராயின் மீதான ஏக்கத்தைக் குறைக்கலாம் என்பதற்கு ஆரம்பகட்ட ஆதாரம் இருக்கிறது. நம்பிக்கை தரும் ஆதாரம்தான், ஆனால் சிறியது.

• கஞ்சா புகைப்பதோ, கஞ்சா எண்ணெய் குடிப்பதோ ஓபியாய்டு பழக்கத்தை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

• உயிர் காக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன: புப்ரநார்ஃபின், மெத்தடோன். இந்தியாவிலும் கிடைக்கின்றன.

• அந்த மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெய்க்கு மாறுவது ஆபத்து.

ஓபியாய்டு என்றால் என்ன?

அபினிச் செடியிலிருந்து கிடைப்பவையும், அதே மாதிரி வேலை செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டவையும் சேர்ந்தது ஓபியாய்டு குடும்பம். அபின், மார்ஃபின், ஹெராயின், இருமல் மருந்தில் வரும் கோடீன், வலி மாத்திரைகளான டிரமடால், டபென்டடால் எல்லாம் இதில் அடக்கம்.

இவை மூளையில் 'மியூ' என்ற ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். வலி குறையும், மனசு லேசாகும். தொடர்ந்து எடுத்தால் மூளை அதற்குப் பழகிவிடும். முதலில் ஒரு மாத்திரை கொடுத்த நிம்மதிக்கு இப்போது நான்கு தேவைப்படும். நிறுத்தினால் உடம்பு எதிர்வினை காட்டும்: கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடம்பு வலி, பதற்றம். இதைத்தான் விலகல் அறிகுறிகள் என்கிறார்கள்.

விலகல் அறிகுறிகள் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதது ஏக்கம். பழைய நண்பரைப் பார்த்தால், பழகிய தெருவுக்குள் போனால், காலி மாத்திரை அட்டை கண்ணில் பட்டால்கூட 'ஒரே ஒரு தடவை' என்று மனசு இழுக்கும். நிறுத்தியவர்கள் மாதக்கணக்கில் கழித்தும் மறுபடி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சிபிடி பற்றிய ஆய்வுகள் குறிவைப்பதும் இந்த இடத்தைத்தான்.

இந்தியாவில் எத்தனை பேர்?

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் தேசிய போதைப் பழக்கச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019ல் வெளியானது. சுமார் 2 லட்சம் வீடுகள், 4.7 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் பேட்டி என்று, நம்மிடம் இருக்கும் பெரிய தரவு இதுதான்.

அதன்படி, 10 முதல் 75 வயதுக்குள் சுமார் 2.26 கோடி பேர் ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள். அதாவது 2.06 சதவீதம். உலக சராசரியைப் போல சுமார் மூன்று மடங்கு. இவர்களில் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை என்கிறது அறிக்கை.

வகை பிரித்துப் பார்த்தால் ஹெராயின் 1.14 சதவீதம், மருந்தாகத் தயாரிக்கப்படும் ஓபியாய்டுகள் 0.96 சதவீதம், அபின் 0.52 சதவீதம். அந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். 'போதை' என்றதும் நம் கண்முன் வருவது தெருமுனைப் பொட்டலம். ஆனால் மருந்துக்கடை மாத்திரையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு நிற்கிறது.

டிரமடால் மாத்திரை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. டபென்டடாலும் கேரிசோப்ரடாலும் சேர்ந்த கலவை மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்காவில் போதைக்காக விற்கப்படுவது வெளியானதும், 2025 பிப்ரவரியில் அந்தக் கலவையின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை இந்திய அரசு திரும்பப் பெற்றது.

கேனபினாய்டு எங்கே வருகிறது?

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கேனபினாய்டுகள் உள்ளன. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று டிஹெச்சி, போதை ஏற்றுவது இதுதான். இன்னொன்று சிபிடி, இது போதை ஏற்றாது.

நம் உடம்பே கேனபினாய்டு மாதிரியான பொருட்களைச் சுரக்கிறது. 1992ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரஃபேல் மெக்கூலம் குழு அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தபோது, சமஸ்கிருத 'ஆனந்த'த்தைச் சேர்த்து அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள்.

மூளையில் இன்பம், பழக்கம், நினைவு ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் கேனபினாய்டு ஏற்பிகளும் ஓபியாய்டு ஏற்பிகளும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் அசையும். 'இதை வைத்து அதை அடக்க முடியுமா?' என்று விஞ்ஞானிகள் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இது புது யோசனையா?

இல்லை. இந்த யோசனைக்கு இந்திய விலாசமே உண்டு.

1839ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த வில்லியம் ஓ'ஷானெஸி கஞ்சாவின் மருத்துவப் பயன்களைப் பற்றி எழுதினார். மேற்கத்திய மருத்துவம் இந்தச் செடியை அதன் பிறகுதான் கவனிக்கத் தொடங்கியது. அடுத்து, 1889ல் கல்கத்தா மருத்துவர் எட்வர்ட் பர்ச் 'லான்செட்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார். குளோரல் என்ற தூக்க மருந்துக்கு அடிமையான ஒருவருக்கும், அபினுக்கு அடிமையான ஒருவருக்கும் கஞ்சா கொடுத்ததில் அந்த ஏக்கம் தணிந்து, பசி திரும்பியது என்பது அவர் சொன்ன செய்தி.

கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்தார். என்ன மருந்து கொடுக்கிறோம் என்பதை நோயாளியிடம் சொல்லக் கூடாது, சொன்னால் ஒரு பழக்கத்திலிருந்து தப்பி இன்னொன்றில் விழுந்துவிடுவார் என்றார். மருந்தின் பெயரை நோயாளியிடம் மறைப்பதை இன்றைய மருத்துவ நெறி ஏற்காது. ஆனால் அவருடைய கவலை 130 வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது.

ஒன்று கவனிக்கணும்: அது இரண்டே இரண்டு நோயாளிகளின் கதை. அதை வைத்து மருந்து என்று முடிவு கட்ட முடியாது.

இப்போதைய ஆய்வு என்ன சொல்கிறது?

நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனை ஆய்வாளர் யாஸ்மின் ஹர்ட் இந்தத் துறையில் முக்கியமான பெயர். 2009ல் அவர் குழு எலிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டது. ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு சிபிடி கொடுத்தார்கள். ஹெராயின் கிடைத்துக்கொண்டிருந்தவரை எலிகள் எடுத்துக்கொள்ளும் அளவு குறையவே இல்லை. ஆனால் அதை நிறுத்திய பிறகு, ஹெராயினை நினைவூட்டும் சமிக்ஞைகளைக் காட்டியபோது, சிபிடி எடுத்த எலிகள் அவ்வளவாகத் தேடி ஓடவில்லை. இரண்டு வாரம் கழித்தும் அந்த விளைவு தெரிந்தது.

அடுத்து மனிதர்கள். 2019ல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி'யில் வெளியான ஆய்வில் 42 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் ஹெராயினுக்கு அடிமையாக இருந்து, அப்போது நிறுத்தியிருந்தவர்கள். சிலருக்கு தினம் 400 மில்லிகிராம் சிபிடி, சிலருக்கு 800, சிலருக்கு வெறும் போலி மருந்து. மூன்று நாள், நாளுக்கு ஒரு வேளை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது.

பிறகு போதை நினைவைத் தூண்டும் வீடியோக்களைப் போட்டுக் காட்டினார்கள். சிபிடி எடுத்தவர்களுக்கு ஏக்கமும் பதற்றமும் குறைவாக இருந்தன. இதயத் துடிப்பும், எச்சிலில் உள்ள கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனும் அதையே காட்டின. கடைசி வேளை மருந்துக்கு ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் பலன் இருந்தது.

நல்ல ஆய்வுதான். ஆனால் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். ஏக்கத்தை அளந்தார்கள். மறுபடி ஹெராயின் எடுத்தார்களா, ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தார்களா என்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை. 42 பேர், மூன்று நாள் என்பதற்கு அது நோக்கமும் இல்லை. மேற்கொண்டு பெரிய ஆய்வு தேவை என்று சொல்லும் அளவுக்கான ஆதாரம் இது. மருந்துச்சீட்டில் எழுதும் அளவுக்கானது இல்லை.

டிஹெச்சி உதவுமா?

ட்ரோனபினால் என்ற, ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட டிஹெச்சி மாத்திரையை விலகல் அறிகுறிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015ல் வந்த ஒரு ஆய்வில் ஆரம்ப நாட்களின் உடல் அவஸ்தை கொஞ்சம் குறைந்தது. ஆனால் சிகிச்சையில் தொடர்ந்து நீடித்தவர்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. 2016ல் வந்த இன்னொரு ஆய்வில் பலன் சுமார்தான், அளவைக் கூட்டியபோது இதயத் துடிப்பு எகிறியது.

சரி, சிகிச்சையில் இருக்கும்போதே கஞ்சாவும் புகைத்தால்? 2024ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. புப்ரநார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகளில் இருந்த 8,367 பேரைப் பின்தொடர்ந்த 10 ஆய்வுகளை அது ஒன்றாக வைத்துப் பார்த்தது. கஞ்சா எடுப்பதற்கும் மறுபடி ஓபியாய்டு எடுப்பதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை. கெடுத்தது என்றும் சொல்ல முடியவில்லை, காப்பாற்றியது என்றும் சொல்ல முடியவில்லை.

நாள்பட்ட வலி இருப்பவர்கள் விஷயத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் ஓபியாய்டு மாத்திரை எடுக்கும் 1,514 பேரை நான்கு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2018ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்'தில் வந்தது. கஞ்சா எடுத்ததால் வலி குறைந்தது என்பதற்கோ, ஓபியாய்டு மாத்திரை குறைந்தது என்பதற்கோ அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் சாவு குறைந்தது என்கிறார்களே?

சமூக ஊடகத்தில் அதிகம் சுற்றும் எண் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2014ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. 1999 முதல் 2010 வரையிலான தரவு. மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த அமெரிக்க மாநிலங்களில் ஓபியாய்டு மிகையளவுச் சாவு விகிதம் மற்ற மாநிலங்களைவிட 24.8 சதவீதம் குறைவு என்றது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. 2018ல் நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்கள் மருத்துவக் கஞ்சா விதிகளைத் தளர்த்தி ஓபியாய்டு பிரச்சினையையும் உள்ளே கொண்டுவந்தன.

இங்கேதான் ட்விஸ்ட். 2019ல் வேறொரு குழு அதே கணக்கு முறையை அப்படியே எடுத்து, 2017 வரை நீட்டிப் பார்த்தது. முடிவு தலைகீழானது: அனுமதித்த மாநிலங்களில் சாவு விகிதம் சுமார் 23 சதவீதம் அதிகம்!

அப்படியென்றால் கஞ்சா ஆளைக் கொல்கிறதா? அதுவும் இல்லை. 2023ல் வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ வந்தது, 2024 கோடையில் வைட்ஃபீல்ட் குழாய்களில் தண்ணீர் வறண்டது. மெட்ரோ வந்ததால்தான் தண்ணீர் போச்சு என்று யாராவது சொன்னால் சிரிப்போம். மாநிலம் மாநிலமாகச் சராசரி எடுத்து, அதை ஒரு தனி மனிதரின் உடம்புக்குப் பொருத்துவதும் அதே தப்புதான். முதல் எண்ணும் எதையும் நிரூபிக்கவில்லை, இரண்டாவதும் நிரூபிக்கவில்லை. ஆனால் நம் ஃபோனுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் முதல் எண் மட்டும்தான்.

அப்போ வேலை செய்யும் மருந்து எது?

புப்ரநார்ஃபின், மெத்தடோன். இரண்டுமே ஓபியாய்டுதான். 'போதைக்கு போதையா?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. இவை மூளையின் அதே ஏற்பிகளில் மெதுவாக, நீண்ட நேரத்துக்கு உட்காரும். விலகல் அவஸ்தை வராது, ஏக்கம் அடங்கும், ஏற்ற இறக்கம் இருக்காது. வேலைக்குப் போகலாம், குடும்பத்தைப் பார்க்கலாம். புப்ரநார்ஃபின் ஒரு அளவுக்கு மேல் போனால் அதன் விளைவு கூடுவதில்லை என்பதால் மூச்சு நின்றுபோகும் ஆபத்தும் குறைவு.

2017ல் 'பிஎம்ஜே' இதழில் வந்த தொகுப்பாய்வு 19 ஆய்வுக் குழுக்களை ஒன்றாகப் பார்த்தது. மெத்தடோன் சிகிச்சையில் இருப்பவர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 11.3 மரணம், சிகிச்சையிலிருந்து வெளியே வந்த காலத்தில் 36.1. புப்ரநார்ஃபினில் இருக்கும்போது 4.3, வெளியே 9.5. இந்த மாதிரி ஒரு எண், உயிர் பிழைத்தவர்களின் எண், சிபிடிக்கு இன்னும் கிடையாது.

இந்தியாவில் 2007-08 முதல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ மூலம், ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களுக்கு புப்ரநார்ஃபின் கொடுக்கப்படுகிறது. மெத்தடோன் 2012ல் வந்தது. நால்ட்ரெக்சோன் என்ற, ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் மருந்தும் உண்டு. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யணும்.

கடையில் விற்கும் எண்ணெயும் ஆய்வில் கொடுத்த மருந்தும் ஒன்றா?

இல்லை. மூன்று காரணங்கள்.

முதலாவது, உள்ளே இருப்பது. ஹர்ட் குழு பயன்படுத்தியது 'எபிடியோலெக்ஸ்' என்ற சுத்திகரிக்கப்பட்ட சிபிடி. அதை 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது இரண்டு அரிய வகை வலிப்பு நோய்களுக்காக, அடிமைத்தனத்துக்காக அல்ல. இங்கே 'விஜயா' என்ற பெயரில் விற்பது கஞ்சா இலைச் சாறு. அதில் சிபிடியோடு டிஹெச்சியும் இருக்கும். சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் ஹெம்ப் விதை எண்ணெய் வேறு கதை. அது 2021 நவம்பரில் உணவாக அனுமதிக்கப்பட்டது, மருந்து அல்ல.

இரண்டாவது, அளவு. ஒரு பாட்டிலில் மொத்தம் 1,000 மில்லிகிராம் சிபிடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆய்வில் கொடுத்த குறைந்த அளவான 400 மில்லிகிராமை எடுத்தால் இரண்டரை நாளில் பாட்டில் காலி. மாதத்துக்கு 12 பாட்டில். 800 என்றால் 24 பாட்டில். விளம்பரத்தில் சொல்லும் 'நாக்குக்கு அடியில் சில சொட்டு' இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்காக 12 பாட்டில் வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு சாறு குடித்தால் கூடவே டிஹெச்சியும் அந்த அளவுக்கு உள்ளே போகும்.

மூன்றாவது, மற்ற மருந்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது. சிபிடி, கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் சில என்சைம்களின் வேகத்தைக் குறைக்கிறது. மெத்தடோன், புப்ரநார்ஃபின் மாதிரி மருந்துகளும் அதே வழியில்தான் உடைகின்றன. வழி அடைபட்டால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறலாம், தூக்கக் கலக்கம் கூடலாம். சிபிடி அதிக அளவில் போனால் கல்லீரல் என்சைம் அளவுகள் உயரும் என்பதும் தெரிந்த பக்கவிளைவு. டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

உரிமம் இருக்கிறதே என்று கேட்கலாம். இந்த எண்ணெய்கள் ஆயுர்வேத மருந்துக்கான மாநில உரிமத்தில் விற்கப்படுகின்றன. பாரம்பரிய நூல்களில் உள்ள மூலப்பொருள் என்ற அடிப்படையில் வரும் உரிமம் அது. ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மனிதர்களிடம் சோதித்து நிரூபித்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மருந்து விதிகளின் அட்டவணை இ(1), அதாவது மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய நச்சுப் பொருட்களின் பட்டியல், கஞ்சாவையும் அபினியையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. சித்த மருத்துவத்துக்கான பிரிவிலும் அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 'கஞ்சா' என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள். பிசின்தான் சரஸ். நுனி சேராத இலையும் விதையும் இந்த வரையறைக்குள் வராது. பாங் விற்பனைக்கும் விஜயா எண்ணெய்க்கும் இடம் கிடைப்பது இந்த ஓட்டையில்தான். 2020 பிப்ரவரியில் பெங்களூரு கோரமங்களாவில் 'இந்தியாவின் முதல் மருத்துவக் கஞ்சா கிளினிக்' என்ற அறிவிப்போடு ஒரு மையம் திறக்கப்பட்டதும் இந்த அடிப்படையில்தான்.

2022ல் பெங்களூரில் பாங்கும் கொஞ்சம் கஞ்சாவும் வைத்திருந்ததாகக் கைதானவருக்கு ஜாமீன் கொடுத்தபோது, பாங் இந்தச் சட்டத்தின் தடைக்குள் வராது என்று கர்நாடக உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அது ஒரு ஜாமீன் உத்தரவு என்பதை மறக்க வேண்டாம். பாங் மாநில கலால் விதிகளுக்கு உட்பட்டது.

'மருத்துவத்துக்காக' என்று சொல்லிக் கஞ்சா வைத்திருந்தால் போலீஸ் கேட்காது. ஒரு கிலோ வரை 'சிறிய அளவு': ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு. இங்கே சட்டப்படி வாங்கிய எண்ணெயை சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பையில் போட்டுக்கொண்டு போவது பெரிய வினை. அந்த ஊர் சட்டத்துக்கு உங்கள் ஆயுர்வேதச் சீட்டு பொருட்டே இல்லை.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து நீக்கியது. 27-25 என்ற ஓட்டில் இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. அது ஆராய்ச்சிக்குக் கதவைத் திறக்கும் முடிவு. நாட்டுக்குள் சட்டம் மாறவில்லை.

சிகிச்சைக்குப் போனால் வேலை போய்விடுமா? போலீஸ் வருமா?

பலரை மருத்துவமனை வாசலில் நிறுத்துவது இந்த பயம்தான். சட்டம் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது.

2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டத்தில், மது, போதை சார்ந்த பிரச்சினையும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகிறது. அதனால் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது உங்கள் உரிமை. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவமனை அதை உங்கள் நிறுவனத்துக்குச் சொல்ல முடியாது. உடல் நோய்க்கு இணையாக இதற்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும் முக்கியம். சொந்தப் பயன்பாடு அல்லது சிறிய அளவு தொடர்பான குற்றச்சாட்டை எதிர்கொள்பவர், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கு விசாரணையிலிருந்து விலக்கு பெற முடியும்.

எங்கே போவது?

வைட்ஃபீல்டில் இருப்பவர்களுக்குப் பெரிய வசதி, அதே ஊரில் ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ். மத்திய அரசின் இந்த மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. சென்னையில் என்றால், சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நாட்டின் முன்னோடி மையங்களில் ஒன்று.

நேரில் போகத் தயக்கமா? போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

போகும் முன் மூன்று விஷயம்:

• மாத்திரையைத் திடீரென்று நீங்களாக நிறுத்த வேண்டாம். அதிக அளவில் டிரமடால் எடுப்பவர்களுக்கு வலிப்பு வரும் அபாயம் இருக்கிறது. அளவைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை மருத்துவர் போட்டுக் கொடுப்பார்.

• சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பழைய அளவை எடுப்பதுதான் உயிருக்கே ஆபத்தான நேரம். உடம்பு அந்த அளவைத் தாங்கும் சக்தியை அதற்குள் இழந்திருக்கும். புப்ரநார்ஃபினை விட்டுவிட்டு எண்ணெயை நம்பி இருப்பவர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

• கஞ்சாவோ சிபிடி எண்ணெயோ எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய அவருக்கு அது தேவை.

அப்போ சிபிடிக்கு எதிர்காலமே இல்லையா?

இருக்கலாம். நிரூபிக்கப்பட்ட மருந்தோடு சேர்த்து, ஏக்கத்தை மட்டும் குறிவைக்கும் ஒரு துணை மருந்தாக அது வரக்கூடும். அதற்கு நூற்றுக்கணக்கான பேரிடம், மாதக்கணக்கில், மறுபடி விழுந்தார்களா இல்லையா என்பதை அளக்கும் ஆய்வுகள் வேண்டும். 1889ல் இந்த யோசனை எழுதப்பட்ட நாட்டிலேயே அப்படி ஒரு ஆய்வு நடந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் நம் முன்னால் உள்ள பிரச்சினை புது மருந்து இல்லாதது அல்ல. அதே எய்ம்ஸ் அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது: சட்டவிரோதப் போதைப்பொருட்களுக்கு அடிமையானவர்களில் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள் 20 பேரில் ஒருவர்தான். மீதி 19 பேருக்கும் மருந்து இருக்கிறது. போய்ச் சேர வழிதான் தெரியவில்லை, அல்லது வெட்கம் விடவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோனோடு உட்கார்ந்திருக்கும் அந்த வைட்ஃபீல்ட்காரருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஆர்டர் போடுவதற்கு முன்னால் 14446ஐ ஒருமுறை அழையுங்கள்.